தண்ணீரை அமர்த்துதல்

படிவத்தில் ஆறாவது கேள்வி:
கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா?
ஹாறூன் சிரித்தார்.
நிந்தவூரில் மிசின் பெட்டி ஒட்டுகிறவர்,
பதினெட்டு வருசம்.
"எத்தினை தரம் எண்டு கேளுங்க மிஸ்."

அத்தோடு அவர் கதவுக்கு வெளியே.
கண்மணிக்குள் மறந்துபோய்க் கிடக்கிற
ஒரு துணுக்கைக்கூடக் காந்தம்
பேர் சொல்லிக் கூப்பிடும்.
உம்மா கட்டாரில்,
வேறொருத்தியின் பிள்ளைக்குச் சோறூட்டும் நேரம் இது.
ஆகவே நுஸ்ஹாவின் இடது காலைப் பிடித்தபடி
உள்ளே நிற்பது நானாயிற்று.

ஆறு வயது.
இரண்டு மாதமாய் விடியப்புறச் சத்தி.
நேர்கோட்டில் நடக்கச் சொன்னால்
வள்ளத்தில் எழும்பி நிற்பவள்போலக் காலை அகட்டுகிறாள்.
மயக்க மருந்து வேண்டாமாம்.
"வாப்பாட கிரைண்டர் சத்தத்துக்குள்ள
நித்திரை கொள்றவள் இவள்."

படம் போன கிழமையே எடுத்தாயிற்று.
பின்மூளையில் ஒரு வெண்திட்டு.
படம் இடத்தைச் சொல்லும்,
குணத்தைச் சொல்லாது.
இன்றைக்கு எடுப்பதை நிறமாலை என்கிறோம்.
நிறமும் இல்லை, மாலையும் இல்லை,
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு,
அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அப்பால் கோபிராஜ்
ஒரு சின்னச் சதுரமுகி வரைகிறான்,
எலும்பில் முட்டாமல்,
நீர் நிற்கும் அறைக்குள் கால் வைக்காமல்.
ஒரு வட்டை முழுக்க விட்டுவிட்டு
பாய் அளவு நிலத்தை மட்டும்
விசாரிப்பதுபோல.

பிறகு தண்ணீரை அமர்த்த வேண்டும்.
மூளையில் மிகுதியும் தண்ணீர்தான்.
அதன் குரல் பல்லாயிரம் மடங்கு.
அது பேசும்வரை
மற்ற எதுவும் கேட்காது.

நாவலடிக் கரையில் பிறந்தவள் நான்.
தண்ணீர் மட்டும் பேசிய ஒரு காலையை
எனக்குத் தெரியும்.
அப்போது எனக்குப் பதினொரு வயது.
இங்கே அதற்கொரு பொத்தான் இருக்கிறது.
கோபிராஜ் அமுக்குகிறான்.
தண்ணீர் அமர்கிறது.
யாரிடமும் சொன்னதில்லை,
ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தில்
எனக்குக் கொஞ்சம் சந்தோசமாயிருக்கும்.

டக்கு டக்கு டக்கு.
என் கைக்குள் அவளுடைய பெருவிரல்
ஒருக்கால் துடித்தது. பிறகு இல்லை.
ஐந்து நிமிசம்.
ஐந்து நிமிசத்தில் எத்தனை வெல்டிங் கம்பி முடியும்?

வெளியே வந்து பார்த்தேன்.
கோலீன் உயர்ந்து நிற்கிறது,
கலங்கள் சுவர் கட்டும் அவசரம்.
நரம்புகள் சுகமாய் இருக்கின்றன என்று சொல்லவேண்டிய என்.ஏ.ஏ.
பிடுங்கிப்போட்ட கீரைத்தண்டாய்ச் சோர்ந்து கிடக்கிறது.
கோட்டுக்குக் கீழே தலைகீழாய்
இரண்டு சின்னப் பற்கள்: லாக்டேட்.

வளர்ந்த ஆளின் தலையில் இதைக் கண்டிருந்தால்
கோபிராஜ் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டான்.
பிள்ளைகளின் தலையில்
இந்தக் கோடு பொய்யும் சொல்லும்.
ஆறுதலாய் வளர்கிற, வெட்டினால் போய்விடுகிற ஒரு கட்டி
கொடியதன் சட்டையை மாட்டிக்கொண்டு
வந்து நிற்பதும் உண்டு.
ஆகவே அவன் என்னைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
தெரியாது என்பதுதான் அந்தப் பகலில்
எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்த
நல்ல செய்தி.

கதவிடுக்கால் திரையைக் கண்டுவிட்டார் ஹாறூன்.
"ஒட்டுச் சரியா விழாட்டி
இப்படித்தான் மேடும் பள்ளமுமா நிக்கும்.
கிரைண்டர் புடிச்சிச் சீவிப்போடலாம்."
கொஞ்சம் பொறுத்து,
"இதச் சீவலாமா மிஸ்?"

பெரிய டாக்டர் சொல்லுவார், என்றேன்.
அப்படித்தான் சொல்லவேண்டும்.
அப்படிச் சொல்லிச் சொல்லியே
எனக்கு ஒன்பது வருசம் போய்விட்டது.

"நான் அசயல்லதானே?"
காதிலிருந்த பஞ்சை எடுத்தபடி நுஸ்ஹா.
இல்லை, கொஞ்சமும் அசையவில்லை.
அந்த ஒரு முடிவை அறிவிக்க எனக்கு அனுமதி உண்டு.

கழற்றிக் கொடுத்த தலைக் கிளிப்புகளைக் கேட்டாள்.
இவ்வளவு நேரமும் அவை
வாப்பாவின் பொத்திய கைக்குள்.
விரித்தார்.
தீப்பொறி தின்ற அந்த உள்ளங்கையில்
புதிதாய்
இரண்டு சின்னப் பற்தடங்கள்.